நாலு பாட்டிலும் ஒரு வாஷரும்

போன மார்கழியில் என் காருக்கு இருமல் வந்தது. எனக்கும்தான் வந்தது. எனக்கு மிளகு கஷாயத்தில் நாலு நாளில் போய்விட்டது. கார் கஷாயம் சாப்பிடாதே!

2012-ல் வாங்கிய டீசல் கார். சின்ன வண்டி, நாலு சிலிண்டர். முன்பெல்லாம் சாவியைத் திருப்பினால் ஒரே உறுமலில் எழுந்துகொள்ளும். இப்போது ஐந்தாறு தடவை செருமி, தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டு ஆட்டுகிற மாதிரி கடகடத்து, பின்பக்கம் புகையால் ஒரு கோலம் போட்டு, அப்புறம்தான் நிதானத்துக்கு வரும். நிதானம் என்று நான் சொல்வது மரியாதைக்கு. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கும். டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையார், நான் எதை வேண்டினாலும் 'ஆகட்டும், ஆகட்டும்' என்று தலையாட்டிக்கொண்டே வருவார்.

ஒருநாள் காலை இப்படிச் செருமிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்தால், மாடி பால்கனியில் அண்ணாச்சி நின்றுகொண்டு எனக்கு மூன்று விரலைக் காட்டுகிறார். எனக்குத் திக்கென்றது. மூன்று விரலை நெற்றிக்கு நேராகக் காட்டினால் நம் ஊரில் என்ன அர்த்தம்? எனக்கு யாரோ நாமம் போடப் போகிறார்கள் என்கிறாரா, இல்லை ஏற்கெனவே போட்டுவிட்டார்களா?

"வண்டி மூணு காலுல நிக்கி தம்பி" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "ஒரு சிலிண்டர் சரியா எரியல."

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். சென்னையில் பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதில் இருபத்து நாலு வருஷம் 'பம்ப் ரூம்' என்கிற தனி அறையில். டீசல் பஸ்ஸின் பம்பையும் இன்ஜெக்டரையும் பிரித்துக் கழுவி, பரிசோதித்து, மறுபடி சேர்க்கிற இடம். டெப்போவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற ஒரே அறை அதுதானாம். தூசி ஆகாது.

இப்போது அவருக்கு இரண்டு கையும் நடுங்கும். நாலைந்து வருஷமாக. மாத்திரை சாப்பிடுகிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மனைவி அவருக்கு மட்டும் டம்ளரில் பாதிதான் காப்பி ஊற்றுவாள். அவரும் கவனிக்காத மாதிரி இரண்டு தடவையாக வாங்கிச் சாப்பிடுவார். இது பற்றி யாரும் யாரிடமும் பேசியதில்லை.

நான் அண்ணாச்சியின் மூன்று விரலை நம்பாமல் வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். (படித்தவன் அப்படித்தான் செய்வான்.) பெயர் வேண்டாம். ஏ.சி. அறை, கண்ணாடிச் சுவர், காப்பி மெஷின், டை கட்டிய தம்பி. வண்டிக்குள் ஒரு வயரைச் சொருகி, கம்ப்யூட்டரைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இன்ஜெக்டர் போயிடுச்சு சார்."

"எத்தனை?"

"செட்டாத்தான் மாத்துவோம் சார். நாலும்."

எஸ்டிமேட் எண்பத்து நாலாயிரம். 2027-ல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய வண்டிக்கு! கடைசி வரியில் 'இதர செலவுகள் ரூ.640' என்று இருந்தது. எண்பத்து நாலாயிரத்துக்கு அப்புறமும் இதரம் என்று ஒன்று பாக்கி இருப்பதை நினைத்து வியந்தபடி வீட்டுக்கு வந்தேன்.

அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. "நாலு பேருல ஒருத்தனுக்கு ஜுரம்னா நாலு பேருக்கும் ஊசி போடுவாங்களா?" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நாம பாப்பமா?" என்றார்.

அந்த 'நாம'வில் மாட்டிக்கொண்டேன்.

மேலே போகுமுன் இன்ஜெக்டர் என்றால் என்ன என்று இரண்டு பாரா. தெரிந்தவர்கள் ஜோக் பக்கத்துக்குப் போய்விட்டு வரலாம்.

பெட்ரோல் வண்டியில் தீ மூட்ட ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினாறு பதினேழு மடங்கு நெருக்கினால் அது தானே பழுக்கக் காய்ந்துவிடும். அந்தச் சமயம் பார்த்து டீசலைப் பனி மாதிரி தூவினால் குப்பென்று பற்றும். ருடால்ஃப் டீசலின் இன்ஜின் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க்கில் 1897-ல் ஒழுங்காக ஓடிக் காட்டியபோது, எரிபொருளை உள்ளே தள்ளுவதற்கு அழுத்தப்பட்ட காற்று தேவைப்பட்டது. அதற்கென்று தனியாக ஒரு கம்ப்ரஸர். காரில் எங்கே வைப்பது? 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. (நம் வீட்டில் வடை சுடவே யோசிக்கிற எண்ணெய்.) 1913-ல் அந்த மனிதர் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனார். 1927-ல் பாஷ் கம்பெனி சின்ன இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொழிற்சாலையில் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் லாரி, கார் எல்லாம் டீசல் குடிக்கப் பழகின.

அண்ணாச்சி காலத்து பஸ்ஸில் பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்து டீசல் அனுப்பும். பந்தியில் வரிசையாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டு போகிற மாதிரி. 1997-ல் கார்களுக்கு 'காமன் ரெயில்' வந்தது. இது மேல்நிலைத் தொட்டி மாதிரி. ஒரு தடித்த இரும்புக் குழாயில் எப்போதும் டீசல் பயங்கர அழுத்தத்தில் நிற்கும். நாலு இன்ஜெக்டரும் நாலு குழாய். கம்ப்யூட்டர் மின்சாரம் கொடுத்தால் திறக்கும், நிறுத்தினால் மூடும். ஒரு தடவை எரிவதற்குள்ளேயே இரண்டு மூன்று தடவை திறந்து மூடும். நுனியில் இருக்கிற ஓட்டைகள் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. உள்ளே ஓடுகிற ஊசிக்கும் சுவருக்கும் இடையே இருப்பது சில மைக்ரான் இடைவெளி. உங்கள் தலைமுடி ஒன்று (இருந்தால்) சுமார் எழுபது மைக்ரான்.

சனிக்கிழமை காலை. அண்ணாச்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் காருக்கு முன்னால் உட்கார வைத்தாயிற்று. அவர் மகன் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், தப்பா நினைக்காதீங்க. அப்பாவை எதையும் தொட விடாதீங்க. போன மாசம் மிக்ஸியைப் பிரிக்கிறேன்னு கையைக் கிழிச்சுக்கிட்டார். இதுல ஏதாவது ஆச்சுன்னா அவர் மனசும் விட்டுடும்."

சத்தியம் செய்யாத குறையாகச் சரி என்றேன்.

திரும்பி வந்தால் அண்ணாச்சி எழுந்து, ஓடுகிற இன்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். "இதுல எது வண்டி ஆட்டம், எது என் ஆட்டம்னு பிரிக்க முடியல தம்பி" என்று சிரித்தார். அப்புறம் கை நீட்டினார். "அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக் குடுங்க. டெப்போவில ஒரு நிமிஷ வேலை. வண்டி ஓடும்போதே ஒவ்வொரு பைப் நட்டா லூஸ் பண்ணணும். எதை லூஸ் பண்ணினா சத்தம் மாறலியோ, அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்துது."

ஸ்பேனர் நட்டில் உட்கார்ந்துவிட்டது. நான் அலறிய அலறலில் வாட்ச்மேன் ஓடி வந்தார்.

காரணம் இருக்கிறது. முதல் நாள் ராத்திரி நான் படித்திருந்தேன். பழைய பஸ் இன்ஜெக்டர் திறக்கிற அழுத்தம் இருநூறு பார் சொச்சம். இந்த மாதிரி வண்டியில் சும்மா நின்று ஓடும்போதே ரெயிலில் அதற்கு மேல் இருக்கும். மிதித்தால் 1,400-ஐத் தாண்டும். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு பார்! கட்டை விரல் நகத்தின் மேல் என் காரையே தூக்கி வைத்த கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நட்டை ஓடும்போது தளர்த்தினால் வருகிற டீசல் கண்ணுக்கே தெரியாத ஊசி. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு குண்டூசிக் குத்து மாதிரிதான் இருக்கும், பெரிய வலிகூட இருக்காது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மருந்து தடவிக்கொண்டு படுத்தால் விரல் போகும், சில சமயம் கையே போகும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி ஆபரேஷன் செய்து கழுவ வேண்டிய விஷயம்.

இன்ஜினை அணைத்துவிட்டு இதைச் சொன்னேன். அண்ணாச்சி ஸ்பேனரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஆயிரத்து நானூறா?"

"ஆமா அண்ணாச்சி."

"எங்க டெஸ்டர்ல இருநூறுக்கே நாசில் முன்னால கையைக் காட்டாதேன்னு புதுப் பையன்களுக்கு நான்தாம் சொல்லிக் குடுப்பேன்" என்றார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது, எண்பத்து நாலாயிரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம் கழித்து அவரே கேட்டார்: "சரி. இதுல திரும்பிப் போற டீசல் எங்க போகுது?"

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. எந்த இன்ஜெக்டரிலும் கொஞ்சம் டீசல் எரியாமல் வழிந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக டேங்குக்குத் திரும்பும். உள்ளே தேய்ந்துபோன இன்ஜெக்டரில் அது அதிகமாக வழியும். வழிந்துகொண்டே இருந்தால் ரெயிலில் அழுத்தம் ஏறாது. காலையில் கிளம்பச் செருமுவது அதனால்தான். ஆக, நாலு இன்ஜெக்டரின் வழிசலையும் தனித்தனியாகப் பிடித்து அளந்தால் போதும். எந்த நட்டையும் தொட வேண்டாம்.

ஒரே அளவில் நாலு ஊறுகாய் பாட்டில் வீட்டில் கிடைத்தது. குழாய்க்கு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன்.

"நாலு சலைன் டியூப் குடுங்க."

"நாலா? பேஷன்ட் யாரு சார்?"

"நாலு பேர். அதுல ஒருத்தருக்கு மட்டும் லூஸ் மோஷன். யாருன்னு கண்டுபிடிக்கணும்."

கடைக்காரர் டியூப்பைக் கொடுக்குமுன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நாலு டியூப், நாலு பாட்டில், பானெட்டைத் திறந்து வைத்துப் பார்க்க ஐ.சி.யூ. மாதிரி இருந்தது. திரும்புகிற பாதையின் வாயை ஒரு போல்ட்டால் அடைத்தோம். இன்ஜினைக் கிளப்பி, இரண்டு நிமிஷம் கடிகாரம் பார்த்து, அணைத்தேன். ஒன்று, இரண்டு, நாலு: அடியில் ஒரு விரற்கடை. மூன்று: பாதி பாட்டில்.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பாட்டில் நடுங்கியது. என் மனைவி மட்டும் சொன்னாள்: "ஏங்க, அந்தப் பாட்டில் நாலும் இனிமே சமையலறைப் பக்கம் வரக்கூடாது."

மத்தியானம் ஜி.பி. ரோடு. புதுப்பேட்டைக்குப் போனால் பழையது மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் என்றேன். அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார். "பழைய கதவு வாங்குங்க, பழைய கண்ணாடி வாங்குங்க. பழைய இன்ஜெக்டர் வாங்குறது அடுத்தவன் பல்செட்டை வாங்குற மாதிரி." புதிதாகவே வாங்கினோம். பதினேழாயிரம். அழுத்தக் குழாயும் புதுசு, ஏனென்றால் அதன் முனை ஒரு தடவை இறுக்கியதும் அந்த இன்ஜெக்டருக்கு ஏற்ற மாதிரி நசுங்கிவிடும். கூடவே செப்பு வாஷர் ஒன்று, நாற்பது ரூபாய். இன்ஜெக்டர் உட்காருகிற குழியின் அடியில் போடுவது. கடைக்காரர் அதைத் துண்டுப் பேப்பரில் மடித்து மிட்டாய் மாதிரி கொடுத்தார். பதினேழாயிரத்தை விட இந்த நாற்பது ரூபாய் என்னை அதிகம் அழ வைக்கப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. இதெல்லாம் போக, அளவாக இறுக்குவதற்கு ஒரு டார்க் ரெஞ்ச், மூவாயிரம். மிச்சம் பிடித்ததில் விழுந்த முதல் ஓட்டை.

கழற்றும் படலம் ஞாயிற்றுக்கிழமை. வண்டியை ராத்திரி முழுக்க ஓட்டாமல் நிறுத்தியிருந்ததால் அழுத்தம் இறங்கியிருந்தது. பாட்டரியின் நெகடிவைக் கழற்றினேன். ஸ்பேனரை எடுத்தேன்.

"வைங்க கீழ" என்றார் அண்ணாச்சி. "முதல்ல குளிப்பாட்டுங்க."

ஒரு மணி நேரம் பிரஷ்ஷும் மண்ணெண்ணெய்த் துணியுமாக இன்ஜின் தலையைத் துடைத்தேன். குழாயைக் கழற்றின நொடியில் ஒரு மணல் உள்ளே விழுந்தால் புது இன்ஜெக்டரும் பழைய இன்ஜெக்டர் ஆகிவிடும். அப்புறம் நட்டைக் கழற்றியதும் திறந்த வாய்க்கெல்லாம் சுத்தமான பிளாஸ்டிக் உறை. (மனைவி சமோசா பார்சலுக்கு வைத்திருந்தது.) வயரைப் பிடுங்கி, கிளாம்ப் போல்ட்டைக் கழற்றி, இன்ஜெக்டரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன். எனக்குத்தான் தோள்பட்டையில் ஏதோ கழன்றது.

இத்தனை வருஷக் கரி. சுற்றிலும் பிடித்துக்கொண்டு சிமென்ட் மாதிரி. முதல் நாள் ராத்திரியே சுற்றி ஊடுருவும் எண்ணெய் அடித்து ஊற வைத்திருந்தும் இப்படி.

"பிடுங்காதீங்க தம்பி. ஸ்பேனரை அதோட இடுப்புல போட்டு இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல். எண்ணெய் விடுங்க. மறுபடி ஆட்டுங்க. பால் பல்லு ஆட்டுற மாதிரி. நீங்க எடுக்கப்படாது, அது வரணும்."

நாற்பது நிமிஷம் ஆட்டினேன். அண்ணாச்சி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நான் ஆட்டுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தன் மணிக்கட்டையும் திருப்பிக்கொண்டிருந்தார், தனக்கே தெரியாமல். கடைசியில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம். வந்துவிட்டது. கறுப்பாக, மூக்கெல்லாம் கரியாக.

அவர் வாங்கி நுனியைப் பார்த்தார். முகம் மாறியது. "வாஷர் எங்க?"

வாஷர் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் குழியின் அடியில் கரியோடு கரியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேலேயே புது வாஷரைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். (நான் இப்படித்தான் என் வாழ்க்கையில் பல விஷயங்களைச் செய்திருக்கிறேன்.) இரண்டு வாஷர் கனத்தில் இன்ஜெக்டர் மேலே தூக்கி உட்காரும், டீசல் தப்பான இடத்தில் தெறிக்கும், எரிகிற வாயு பக்கவாட்டில் சீறி எல்லாவற்றையும் மறுபடி கரியாக்கும் என்றார். எடுத்தே ஆக வேண்டும். ஆனால் குழியின் அடியில் இருக்கிற ஓட்டை நேராக சிலிண்டருக்குப் போகிறது. குத்திக் கிளறினால் கரி உள்ளே விழும்.

மிஞ்சின சலைன் டியூப்பை வாக்குவம் கிளீனர் வாயில் செலோடேப் சுற்றிப் பொருத்தி, கரித்தூளை உறிஞ்சிக்கொண்டே சைக்கிள் ஸ்போக் ஒன்றை நுனியில் கொக்கி மாதிரி வளைத்து விட்டேன். வாஷரின் விளிம்பு மாட்டும், வழுக்கும். மாட்டும், வழுக்கும். வேர்வை கண்ணுக்குள் போனது. அரை மணி நேரத்தில் எனக்கு அந்த வாஷர் மேல் தனிப்பட்ட பகையே வந்துவிட்டது.

"இங்க குடுங்க" என்று எழுந்து வந்தார்.

மகனுக்குக் கொடுத்த வார்த்தை ஞாபகம் இருந்தது. இருந்தும் கொடுத்தேன். வேண்டாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். இன்ஜின் குளிர்ந்து கிடக்கிறது, கிழிக்கிறதுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு ஸ்போக்கைக் குழிக்குள் இறக்கினார். டிக் டிக் டிக் என்று அது சுவரில் அடித்துக்கொண்டே இருந்தது. மூச்சைப் பிடித்துப் பார்த்தார். இன்னும் வேகமாக அடித்தது. பம்ப் ரூமில் இருபத்து நாலு வருஷம் இருந்தவர். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்போக்கை என் கையில் கொடுத்தார். போய் உட்காரவில்லை. பக்கத்திலேயே நின்றார்.

"டார்ச்சை அணைச்சிருங்க."

"அண்ணாச்சி?"

"கண்ணையும் மூடுங்க. அந்தக் குழிக்குள்ள கண்ணுக்கு வேலையில்ல. நீங்க பாத்துப் பாத்துச் செய்யறதாலதாம் வழுக்குது. அடியில தடவுங்க. ஒரு மேடு தட்டுதா?"

"தட்டுது."

"அதை விட்டு உள்ளுக்குள்ள வாங்க. பள்ளம். வாஷரோட நடு ஓட்டை அது. கொக்கியை அதுல இறக்கி ஒரு பக்கமாச் சாய்ங்க. சாய்ச்சு, இழுக்காம, நில்லுங்க. நிக்கணும். இப்ப மேல."

சரக்கென்று ஏதோ விட்டது. கண்ணைத் திறந்தால் ஸ்போக் நுனியில் ஒரு கறுப்பு வளையம் தொங்குகிறது. கிணற்றில் விழுந்த குடத்தை எடுத்தவன் மாதிரி கத்தினேன். வாட்ச்மேன் மறுபடி ஓடி வந்தார்.

மாட்டுவது சுலபம். வேட்டித் துணி சுற்றின மூங்கில் குச்சியால் குழியைத் துடைத்து, புது வாஷர், புது இன்ஜெக்டர் (நுனியில் விரல் படக்கூடாது), புதுக் குழாய். எல்லா நட்டையும் முதலில் கையாலேயே சுற்றி உட்கார வைத்துவிட்டு, பிறகு டார்க் ரெஞ்ச்சால் மேனுவலில் போட்ட அளவுக்கு. 'க்ளிக்' என்றதும் நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டேன். அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். நிறுத்தினேன்.

ஒரு வேலை பாக்கி. இந்தக் கால இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் எண்ணும் எழுத்துமாக ஒரு கோடு அச்சடித்திருக்கும். எந்த இரண்டு இன்ஜெக்டரும் அச்சாக ஒரே அளவு தூவாதாம். 'நான் இவ்வளவு தூவுகிற ஆள்' என்று அது காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற ஜாதகம் அது. அதைப் பதிவு செய்யாவிட்டால் புது இன்ஜெக்டருக்குப் பழைய கணக்கிலேயே டீசல் ஒதுக்கப்படும். பாட்டரியை மாட்டினோம். ஸ்கேனர் வைத்திருக்கிற ஒரு பையன் பைக்கில் வந்தான், ஐந்நூறு ரூபாய். மாட்டுவதற்கு முன்பே செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், என் வாழ்க்கையில் செய்த சில புத்திசாலித்தனங்களில் ஒன்று.

"அங்கிள், இது எட்டா, பி-யா?"

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், மாட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்து "எட்டு" என்றார். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. எழுபத்து மூன்று வயது, கண்ணாடி இல்லை!

காற்று வெளியேறச் சாவியை நாலைந்து முறை ஆன் செய்து அணைத்தேன். பிறகு ஸ்டார்ட். சுற்றியது, சுற்றியது, சுற்றியது. ஒன்றும் இல்லை. என் வயிறும் சேர்ந்து சுற்றியது. "பைப் காலியா இருக்கும், பொறுங்க" என்றார். இரண்டாவது தடவை ஒரு உதறு உதறிப் பிடித்துக்கொண்டது.

கசிகிறதா என்று பார்க்கக் கையைக் கொண்டுபோகாமல் ஒரு நீள அட்டையை நட்டு ஓரமாகக் காட்டினேன். அட்டை நனையவில்லை. பிள்ளையார் அசையவில்லை.

அண்ணாச்சி எழுந்து வந்து இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"இப்ப பிரிக்க முடியுது" என்றார்.

பணம் கொடுக்க முயன்றதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன். பழைய இன்ஜெக்டரைக் கேட்டார். கொடுத்தேன். துடைத்து, டிவி பக்கத்தில் வைத்திருக்கிறாராம். மகன் மட்டும் என்னைப் பார்த்தால், "ஏதாவது தொட்டாரா சார்?" என்று கேட்கிறார். "ஸ்போக்கை மட்டும்" என்கிறேன். அவருக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டியைக் கிளப்பியபோது பால்கனியிலிருந்து நாலு விரல் காட்டினார். பத்து மணிக்கு வொர்க்‌ஷாப்பிலிருந்து போன்.

"சார், உங்க எஸ்டிமேட் இன்னிக்கோட முடியுது. நாலும் ஆர்டர் போட்டுடலாமா?"

"ஒண்ணு போட்டாச்சு" என்றேன்.

"யார் சார் போட்டது? எந்த வொர்க்‌ஷாப்?"

"பம்ப் ரூம்" என்றேன். ஸ்பெல்லிங் கேட்டார்.